கையில் நட்ஸ், கணக்கில் கால் பங்கு

ஒமாஹா என்ற போக்கர் ஆட்டத்தில் தோற்ற கைகளில் பாதியை மறந்துவிட்டேன். இந்த ஒன்று மட்டும் போகமாட்டேன் என்கிறது. காரணம், அன்று ஆடும்போது எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. ஃப்ளாப்பில், அதாவது மேசையில் முதல் மூன்று பொதுச் சீட்டு விழுந்தபோது, என் கைக்கு மேல் ஒரு கை கிடையாது. அதற்குப் பெயர்தான் நட்ஸ். மொத்த ஸ்டாக்கையும், அதாவது என் முன்னால் இருந்த சிப் அத்தனையையும், உள்ளே தள்ளினேன். எதிரில் இருந்தவரிடமும் அதே ஸ்ட்ரெய்ட்தான் (அடுத்தடுத்து வரும் ஐந்து சீட்டு). ஆனாலும் அந்தப் பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணத்தில், முக்கால் பங்கு அப்போதே அவர் பக்கம் சாய்ந்திருந்தது. எப்படி என்று புரிய எனக்கு ஒரு சீட்டுக்கட்டும் ஒரு மாலை நேரமும் தேவைப்பட்டன.

கையில் 2 சீட்டோடு ஆடும் ஹோல்டெமிலிருந்து வருகிறவர்களுக்காக ஒரு வரி. ஒமாஹாவில் கையில் 4 சீட்டு. கடைசியில் கையிலிருந்து சரியாக 2, மேசையிலிருந்து சரியாக 3 எடுத்துத்தான் கை கட்ட வேண்டும். நான்கு சீட்டிலிருந்து 6 விதமாக இரண்டிரண்டாக எடுக்கலாம். அதனால் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஆறு ஹோல்டெம் கையோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கை எல்லோருக்கும் வரும். வந்த கை, டர்ன் என்ற நான்காவது பொதுச் சீட்டையும் தாண்டி, ரிவர் என்ற ஐந்தாவது சீட்டு வரை நிற்குமா என்பதுதான் கேள்வி.

சரி, கைக்கு வருவோம்.

பாட்-லிமிட் ஒமாஹா (பந்தயத்துக்கு உச்சம் பாட்டின் அளவு), ஆறு பேர் மேசை, ப்ளைண்ட் என்ற கட்டாயப் பந்தயம் 1-2. எல்லோரிடமும் ஏறக்குறைய 200 சிப். நான் கட்ஆஃபில், அதாவது கடைசியாகப் பேசும் இடமான பட்டனுக்கு ஒரு இடம் முன்னால். என் சீட்டு: ஸ்பேடு ஏஸ், கிளாவர் ஏஸ், ஸ்பேடு ஜாக், கிளாவர் 10. இரண்டு ஏஸ், இரண்டு சூட், பக்கத்துப் பக்கத்தில் ஜாக்கும் பத்தும். ஒமாஹாவில் இதைவிட அழகான கை அடிக்கடி வராது. பாட் ரெய்ஸ் செய்து, அதாவது பந்தயத்தை உச்சம்வரை ஏற்றி, 7 ஆக்கினேன். பட்டனில் இருந்தவர் கால் (அதே அளவு போட்டார்), ஸ்மால் ப்ளைண்ட் ஃபோல்ட் (கையை விட்டார்), பிக் ப்ளைண்ட் கால். பாட்டில் 22. இதுவரை சொல்ல ஒன்றுமில்லை.

ஃப்ளாப்: ஹார்ட் 9, டைமண்ட் 8, ஹார்ட் 7.

என் ஜாக்-பத்து இறங்கி உட்கார்ந்தது. ஜாக் வரைக்குமான ஸ்ட்ரெய்ட். இந்த மூன்று சீட்டில் இதற்கு மேல் யாராலும் ஒன்றும் கட்ட முடியாது. பிக் ப்ளைண்ட் செக் (பந்தயம் போடவில்லை). நான் பாட் முழுக்க, 22. பட்டன்காரர் கொஞ்சம் யோசித்து, பாட் ரெய்ஸ் என்றார். பாட்-லிமிட் கணக்குப்படி அது 88 ஆகும். முதலில் என் 22-ஐக் கால் செய்வதாக வைத்தால் பாட் 66, அதன் மேல் இன்னொரு 66. பிக் ப்ளைண்ட் சீட்டைத் தூக்கிப் போட்டார்.

என்னிடம் மிச்சம் 171. நட்ஸ் இருக்கிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆல்-இன். அவரும் அதே வேகத்தில் கால் செய்து சீட்டைத் திருப்பினார்: ஸ்பேடு கிங், கிளாவர் குயின், ஹார்ட் ஜாக், ஹார்ட் 10.

அதைப் பார்த்ததும் மனம் சொன்னது, 'அட, சரிசமம், பிரித்துக்கொள்வோம்.' டர்ன் கிளாவர் 3. நிம்மதி. ரிவர் டைமண்ட் 10. ஹார்ட் வராததால் நான் கையை நீட்டினேன். டீலர் பாட்டை அந்தப் பக்கம் நகர்த்தினார். அவருடைய குயின்-ஜாக்கோடு மேசையின் 10, 9, 8 சேர்ந்து குயின் வரை போயிருந்தது. என்னுடையது ஜாக்கோடு நின்றுவிட்டது. எந்தச் சீட்டு என்னைக் கொல்லும் என்றுகூடத் தெரியாமல் 171 சிப்பை உள்ளே வைத்திருக்கிறேன்.

என்னோடு ஆடும் நண்பன் அன்றைக்குப் பக்கத்து மேசையில் இருந்தான். கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டுச் சொன்னான்: "மச்சான், உன்கிட்ட நட்ஸ் மட்டும்தான் இருந்துச்சு. அவன்கிட்ட நட்ஸும் இருந்துச்சு, லாட்டரி டிக்கெட்டும் இருந்துச்சு. டிக்கெட்டுக்குக் காசு குடுத்தது நீ."

அந்த வாய்க்கொழுப்பு தாங்காமல் வீட்டில் ஒரு சீட்டுக்கட்டை எடுத்தேன். தெரிந்த 11 சீட்டை (என்னுடைய 4, அவருடைய 4, ஃப்ளாப் 3) ஓரம் வைத்தேன். மீதி 41. அதை மேசையில் பரப்பி, அவருக்கு வெற்றி தரும் சீட்டையெல்லாம் ஒரு வரிசையாக அடுக்கினேன். முதலில் அவருக்கு ஃப்ளஷ் (ஒரே சூட்டில் ஐந்து சீட்டு) தரும் ஹார்ட்: 13-இல் 4 போய் 9. அப்புறம் ஸ்ட்ரெய்ட்டை ஏற்றிக்கொடுக்கும் ஜாக் 2, பத்து 2. மொத்தம் 13. எனக்கு வெற்றி தரும் சீட்டுக்கென்று இன்னொரு வரிசை ஆரம்பித்தேன். அதில் வைக்க ஒரு சீட்டும் இல்லை. தனியாக வந்து என்னை ஜெயிக்க வைக்கும் சீட்டு அந்தக் கட்டிலேயே கிடையாது.

மீதமிருந்த 28 சீட்டும் 'பிரித்துக்கொள்' என்று சொல்லும் சீட்டுகள். அந்த 28-இலிருந்தே டர்ன், ரிவர் இரண்டும் வந்தால்தான் எனக்குப் பாதிப் பணம் திரும்பும். 41 சீட்டில் இரண்டு வரும் வழிகள் 820. அதில் 28-க்குள்ளேயே இரண்டும் அடங்குவது 378. எனக்கென்று தனியாக ஜெயிக்க இருந்த வழிகள்: ஒரு ஏஸ் வந்து, கூடவே மேசையில் 9, 8, 7-இல் ஒன்று ஜோடியாகி, ஏஸ் ஃபுல் ஹவுஸ் (மூன்று ஏஸும் ஒரு ஜோடியும்) அமைவது. அல்லது மீதி இரண்டு ஏஸும் சேர்ந்தே வருவது. அல்லது மேசையில் 9, 8, 7-இல் ஒன்றே மூன்றாகி, என் ஏஸ் ஜோடியோடு ஃபுல் ஹவுஸ் ஆவது. அதையும் விடாமல் எண்ணினேன், 24 வழி. (ஹார்ட் 8 வந்தால் ஏஸ் ஃபுல்லும் போதாது. அவருக்கு 7 முதல் ஜாக் வரை ஹார்ட்டிலேயே ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ். சீட்டாட்டத்துக்குக் கருணை கிடையாது.)

கடைசிக் கணக்கு: 820-இல் அவர் முழுதாக ஜெயிப்பது 433, பிரித்துக்கொள்வது 363, நான் ஜெயிப்பது 24. பாதிப் பங்குகளைக் கூட்டிப் பார்த்தால் என் ஈக்விட்டி, அதாவது பாட்டில் சராசரியாக என் பங்கு, 25.1 சதவீதம். ஃப்ளாப்பில் நட்ஸ் வைத்துக்கொண்டு வெறும் கால் பங்கு. இதைத்தான் ஃப்ரீரோல் என்பார்கள். ஒரே கை இரண்டு பேரிடமும், ஆனால் ஒருவரிடம் மட்டும் மேலே ஏறும் ஏணி.

சரி, அவரிடம் அந்தக் கை இருந்தது என் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாமா? நானும் முதலில் அப்படித்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அதனால் அவர் அதே மாதிரி ரெய்ஸ் செய்யக்கூடிய வேறு இரண்டு கையையும் எண்ணினேன்.

ஒன்று, செட்டும் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) ஃப்ளஷ் டிராவும் (இன்னொரு ஹார்ட் வந்தால் ஃப்ளஷ்) சேர்ந்த கை: ஸ்பேடு 9, டைமண்ட் 9, ஹார்ட் கிங், ஹார்ட் குயின். இப்போதைக்கு என் ஸ்ட்ரெய்ட் முன்னால் இருக்கிறது. ஆனால் 820-இல் 509 வழியில் அவர் என்னைத் தாண்டிவிடுகிறார். எனக்கு 37.9 சதவீதம். 'முன்னால்' இருக்கும் நான்தான் இதிலும் பின்தங்கியவன்.

இரண்டாவது, அதே ஒன்பது செட், ஆனால் ஹார்ட் இல்லாமல், கிங்கும் குயினும் கிளாவரில். இங்கேதான் எனக்கு மூச்சு வருகிறது: 63.7 சதவீதம். அந்த இரண்டு சீட்டின் சூட் மாறியதால் மட்டுமே இருபத்தைந்து சதவீதத்துக்கு மேல் புரண்டுவிட்டது. ஹோல்டெமில் பழகிய கண்ணுக்கு இது உறைக்க நாளாகும். எனக்கு இன்னமும் சில நாள் உறைப்பதில்லை.

இப்போது அந்த முடிவுக்கே திரும்புவோம். அவர் 88 என்றதும் என் முன்னால் மூன்று வழி. ஆல்-இன் போனால் 171 போட்டு 408 பாட்டுக்கு ஆடுகிறேன், ஆகவே குறைந்தது 41.9 சதவீதம் வேண்டும். அவர் ஃபோல்ட் செய்வார் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை. அவ்வளவு பெரிய பாட்டில் மிச்சம் 105-க்காக எந்த நல்ல கையும் ஓடாது. இரண்டாவது வழி, 66 கால் செய்து டர்னைப் பார்ப்பது. மூன்றாவது வழியைச் சொல்லவே வாய் கூசுகிறது: நட்ஸை ஃபோல்ட் செய்வது.

எது சரி என்பது அவர் யார் என்பதைப் பொறுத்தது. அந்த மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் ஃப்ளாப்பில் ரெய்ஸ் செய்தது அதுவரை இரண்டே முறை. இரண்டு முறையும் சீட்டு காட்டியபோது, இப்போதைய நட்ஸோடு அடுத்த நட்ஸுக்கான டிராவும் கையில் இருந்தது. மூன்று பேர் இருக்கும் பாட்டில், பின்னால் ஒருவர் இன்னும் பேசாமல் இருக்கும்போது முழுப் பாட் ரெய்ஸ் செய்கிறார். இப்படிப்பட்டவருக்குப் பாதி நேரம் ஃப்ரீரோல் கை, மூன்றில் ஒரு நேரம் ஃப்ளஷ் டிராவோடு செட், ஆறில் ஒரு நேரம் வெறும் செட் என்று வைத்தேன். இது என் ஊகம்தான், வேறு யாராவது வேறு விதமாகப் பிரிக்கலாம். அந்தப் பிரிவுக்கு என் ஈக்விட்டி 35.8 சதவீதம் வருகிறது. ஆல்-இன் போனால் சராசரியாக 25 சிப் நஷ்டம்.

கால் செய்தால்? என் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 45. அதில் டர்னில் என்னை மிரட்டுவது: ஹார்ட் 11, ஹார்ட் அல்லாத ஜாக் 2, பத்து 2, மேசையை ஜோடியாக்கும் 9, 8, 7 மொத்தம் 8. ஆக 23 கெட்ட சீட்டு, 22 நல்ல சீட்டு. நட்ஸ் வைத்திருக்கும் ஒருவனுக்குப் பாதிக்கு மேல் சீட்டு பகை. கெட்டது வந்தால் ஃபோல்ட், நல்லது வந்தால் மிச்சம் 105-ஐப் போடுவது என்று எளிமையாக வைத்துக்கொண்டு, டர்னில் ஏஸ் விழுந்தால் கூடும் சின்ன லாபத்தை விட்டுவிட்டு, கணக்குப் போட்டேன். ஃப்ளஷ் டிராவோடு வந்த செட்டுக்கு எதிராக இது மிகச் சிறிய லாபம், 3 சிப் சொச்சம். அதே செட்டிடம் ஆல்-இன் போனால் 16 சிப் நஷ்டம். டர்னில் நல்ல சீட்டு விழுந்த பின் அந்தச் செட்டிடம் எனக்கு 57.5 சதவீதம் இருக்கிறது. அதாவது பணத்தை ஒரு தெரு தள்ளி உள்ளே வைக்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஃப்ரீரோல் கைக்கு எதிராக டர்ன் நல்லதாக இருந்தாலும் எனக்கு 33.75 சதவீதம்தான். மொத்தத்தில் கால் செய்வது 18 சிப்புக்கு மேல் நஷ்டம். ஆல்-இன்னைவிடப் பரவாயில்லை, ஃபோல்டைவிட மோசம்.

ஃபோல்ட் பூச்சியம். இந்த மனிதருக்கு எதிராக, இந்த ஸ்டாக்கில், மூன்றில் சிறந்தது அதுதான். எழுதும்போதே கை கூசுகிறது.

ஆளை மாற்றிப் பாருங்கள். எந்தச் செட் வந்தாலும் ரெய்ஸ் செய்யும் ஒருவர் பட்டனில் இருக்கிறார் என்று வைப்போம். பாதி வெறும் செட், மீதியில் சரிபாதி ஃப்ளஷ் டிராவோடு செட், சரிபாதி ஃப்ரீரோல். என் ஈக்விட்டி 47 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதே ஆல்-இன் 23 சிப்புக்கு மேல் லாபம். சீட்டு ஒன்றுகூட மாறவில்லை. ஆகவே 'ரீடிரா (இன்னும் மேலே ஏறும் வாய்ப்பு) இல்லாத நட்ஸை எப்போதும் ஃபோல்ட் செய்' என்று யாராவது விதி சொன்னால் நம்ப வேண்டாம்.

ஸ்டாக்கும் அப்படித்தான். ஃப்ளாப்புக்கு வரும்போது என்னிடம் 193-க்குப் பதில் 60 சிப் இருந்திருந்தால், 22 போட்ட பின் மிச்சம் 38. அதைப் போட்டு 142 பாட்டுக்கு ஆடலாம். 26.8 சதவீதம் போதும். என் ஊகத்தின் 35.8 அதற்கு மேல் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு கால். ஸ்டாக் சிறியதென்றால் நட்ஸ் என்பது நட்ஸ்தான். ஸ்டாக் பெரிதாகப் பெரிதாக, கையில் மிச்சமிருக்கும் அந்த இரண்டு சீட்டு பேச ஆரம்பிக்கிறது. என் மிச்ச இரண்டு சீட்டு ஏஸ் ஜோடி. ஃப்ளாப்புக்கு முன் அந்த ஜோடிதான் என் கை. 9-8-7 விழுந்ததும் அது வெறும் அலங்காரம். ஏஸில் ஒன்று ஹார்ட்டாக இருந்து பத்தும் ஹார்ட்டாக இருந்திருந்தால், ஏணி என் பக்கம் சாய்ந்திருக்கும், அவருடைய ஃப்ளஷ் சீட்டுகள் எனக்கு வந்திருக்கும்.

நான் அன்று மேசையில் எனக்கே சொல்லிக்கொண்ட ஒரு வாதத்தையும் இங்கே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அது கேட்க நியாயமாக இருக்கும். 'ஒரு ஜாக்கும் ஒரு பத்தும் என்னிடமே இருக்கிறது. அவரிடம் ஜாக்-பத்து இருக்கும் வாய்ப்பு குறைவு. அதனால் அவரிடம் செட்தான்.' எண்ணிக்கை சரியே. வெளியில் 3 ஜாக், 3 பத்து. ஜாக்-பத்து ஜோடி 16 வழிக்குப் பதில் 9 வழி. செட்டும் 9 வழிதான்: ஒன்பதில் 3, எட்டில் 3, ஏழில் 3. சமம் என்று தோன்றும். ஆனால் எண்ணிக்கை வேறு, ஆள் வேறு. அந்த ஒன்பது செட் வழிகளில் எத்தனையை அந்த மனிதர் முழுப் பாட் ரெய்ஸ் செய்வார்? ஏழு செட்டோடு, ஹார்ட் இல்லாமல், ஸ்ட்ரெய்ட் வந்துவிட்ட மேசையில்? ஒரு மணி நேரம் பார்த்த எனக்கு விடை தெரிந்தே இருந்தது. அந்தப் பாதி வாதத்தோடு நின்றுகொண்டேன், எனக்குப் பிடித்த பாதி என்பதால். இன்னொன்று, அவரிடம் வெறும் செட் இருந்தாலும் நான் ஆல்-இன் போன அவசரத்தில் அது என்ன செட், கூட என்ன சூட் என்று ஒரு வினாடி யோசிக்கவில்லை. யோசிக்காததுதான் உண்மையான தப்பு. 10 வந்தது தப்பில்லை.

இன்னொரு இடமும் உறுத்துகிறது, என் முதல் பெட். 22-க்கு 22. டிராவிடம் பணம் வாங்க வேண்டும் என்று பாட் முழுக்கப் போட்டேன். யார் அதைக் கேட்டு ஓடுவார்கள்? இரண்டு ஜோடிக்காரர், சின்ன ஃப்ளஷ் டிராக்காரர். அதாவது எனக்குப் பணம் தரக்கூடியவர்கள். யார் நிற்பார்கள்? செட்டோடு டிரா, ஃப்ரீரோல். அதாவது என்னிடம் பணம் வாங்கக்கூடியவர்கள். இப்போதெல்லாம் இப்படிப்பட்ட மேசையில், ரீடிரா இல்லாமல், எனக்குப் பின்னால் பேசும் ஆள் இருக்கும்போது பாதிப் பாட், 11 போடுகிறேன். அவர் பாட் ரெய்ஸ் செய்தால் 55 ஆகும். அதே செய்தியைப் பாதி விலைக்கு வாங்கிவிட்டேன், ஃபோல்ட் செய்தாலும் 11-தான் போச்சு. என் நண்பன் இதை ஒத்துக்கொள்வதில்லை. "பாதி போட்டா டிரா எல்லாம் சும்மா உள்ள வந்துரும்டா" என்பான். மூன்று பேர் பாட்டில் அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. எங்கள் சண்டை இன்னும் முடியவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு கை. இரண்டு கிங், ஒரு 8, ஒரு 7. ஃப்ளாப் கிளாவர் 6, கிளாவர் 5, டைமண்ட் 4. மறுபடியும் நட்ஸ் ஸ்ட்ரெய்ட், மறுபடியும் கூட ஒன்றுமில்லை, என் கையில் கிளாவர் ஒன்றுகூடக் கிடையாது. பாதிப் பாட் போட்டேன். பின்னாலிருந்து ஒரு பாட் ரெய்ஸ். அமைதியான ஆள், ஸ்டாக் இரண்டு பேரிடமும் ஆழம். என் சீட்டை இன்னொரு முறை தூக்கிப் பார்த்தேன், கிங்குகள் கிளாவராக மாறிவிட்டனவா என்று. மாறவில்லை. கவிழ்த்துத் தள்ளினேன்.

அவர் சீட்டைக் காட்டவில்லை. பாட்டை இழுத்து அடுக்கிக்கொண்டு, "என்ன வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். "ஒரு ஜோடி கிங்" என்றேன். பொய் இல்லை.